தையலே இல்லாத நீச்சலுடை

வாசகர் கேள்வி:

கொழிஞ்சாம்பாறைக்கு அருகே சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். என் மகளுக்கு 12 வயது. ஊர்க் குளத்தில் நீந்தப் பழகியவள். இப்போது வாரத்தில் மூன்று நாள் 25 மீட்டர் நீச்சல் குளம் ஒன்றில் பயிற்சி எடுக்கிறாள். சென்ற மாநிலப் போட்டியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 34.60 நொடியில் நான்காவதாக வந்தாள். மூன்றாவதாக வந்த சிறுமிக்கு 34.29. முதல் மூவரில் இருவர், முழங்கால் வரை இறுகப் பிடிக்கும், தையலே இல்லாத ஓர் உடையை அணிந்திருந்தார்கள். அதே போல் ஒன்று வாங்குமாறு பயிற்சியாளர் சொல்கிறார். கடையில் 26,000 ரூபாய் விலை சொல்கிறார்கள். இந்த மாதிரி உடைகளுக்குத் தடை என்று எப்போதோ படித்த ஞாபகம் இருக்கிறது. தடை என்றால் எப்படி விற்கிறார்கள்? அதை அணிந்து ஜெயிப்பது ஏமாற்று வேலை ஆகாதா? துணி கிடைத்தால் நானே தைத்துக் கொடுக்கலாமா? "அந்த டிரஸ் இல்லாம என்னால ஜெயிக்க முடியாதுப்பா" என்கிறாள். போட்டியின் வீடியோவையும் அனுப்பியிருக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிற்றூர் தாலுகா

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறையும், நீங்கள் அனுப்பிய வீடியோவை ஏழெட்டு முறையும் பார்த்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீச்சல் கற்றுக் கொடுத்தவள் என்ற முறையிலும், போட்டிகளில் நடுவராக நின்றவள் என்ற முறையிலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இப்போது அந்த உடையை வாங்க வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் துணி அறிந்தவர் என்பதால், மற்றவர்களுக்கு விளக்கச் சிரமப்படும் சில செய்திகள் உங்களுக்கு எளிதில் பிடிபடும்.

தடை என்று நீங்கள் படித்தது பொய்யல்ல. ஆனால் தடை செய்யப்பட்டது வேறு உடை, உங்கள் மகளின் பக்கத்து லேனில் நீந்தியவர் அணிந்திருந்தது வேறு உடை. 2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் எல்இசட்ஆர் ரேஸர் என்ற உடையை வெளியிட்டது. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் காற்றுச் சுரங்கத்தில் துணிகளைச் சோதித்துப் பார்த்து உருவாக்கிய உடை அது. நைலானும் எலாஸ்டேனும் கலந்த துணியின் மேல் ரப்பர்போல் நீளும் பிளாஸ்டிக்கான பாலியூரிதேன் பட்டைகளை ஒட்டி, விளிம்புகளை ஊசி நூல் இல்லாமல் மீயொலி அதிர்வால் உருக்கி இணைத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நீச்சலில் முறியடிக்கப்பட்ட 25 உலகச் சாதனைகளில் 23 அந்த உடை அணிந்தவர்களுடையவை. போட்டி நிறுவனங்கள் சும்மா இருக்குமா? அடுத்த ஆண்டுக்குள் அரீனா, ஜேக்கட் போன்றவை பட்டைகளோடு நிற்காமல் உடை முழுவதையும் பாலியூரிதேனாலேயே செய்து கொண்டு வந்துவிட்டன.

இந்த இடம் உங்களுக்குச் சுவையாக இருக்கும். நீங்கள் திருப்பூரில் வெட்டிய லெக்கின்ஸ் துணியில் நீளுவதற்காகச் சேர்க்கும் எலாஸ்டேன் நூல், வேதியியலில் பாலியூரிதேன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே குற்றம் அந்தப் பொருளில் இல்லை. நூலாக இருக்கும்போது துணிக்கு இடையே கண்ணிகள் இருக்கும், நீரும் காற்றும் போய் வரும். அதையே தகடாக்கி உடல் முழுக்கப் போர்த்தினால் அது துணியாக இருப்பதில்லை, ரெக்சின் மாதிரி ஆகிவிடுகிறது. நீர் உள்ளே வராது, உடலுக்கும் உடைக்கும் நடுவே சிக்கிய காற்று வெளியேறாது. நீந்துபவர் நீரின் மட்டத்தில் சற்று உயர்ந்து மிதக்கிறார். நீரின் அடர்த்தி காற்றைப் போல் ஏறத்தாழ 800 மடங்கு என்பதால், உடல் ஒரு விரற்கடை உயர்ந்து கிடந்தாலும் நீர் உடலைப் பின்னுக்கு இழுப்பது குறைகிறது. அதோடு, இறுக்கிப் பிடிக்கும் உடை வயிறு, இடுப்பு, தொடைச் சதைகளின் ஆட்டத்தை அடக்கி உடலை உருளைபோல் ஆக்குவதால், பந்தயத்தின் கடைசிப் பகுதியில் களைத்து இடுப்பு தாழும் நீச்சல்காரருக்கும் அது முட்டுக் கொடுத்தது. பருத்த உடல்வாகு உள்ளவர்களுக்கு இந்த உடையால் கிடைத்த லாபம், ஒல்லியாக நீரில் வழுக்கிச் செல்லும் உடல்வாகு உள்ளவர்களுக்குக் கிடைத்ததைவிட அதிகம் என்று அப்போதே பேசப்பட்டது. அந்தச் சண்டையின் வேர் இங்கேதான் இருந்தது. உடை எல்லோரையும் ஒரே அளவில் வேகப்படுத்தியிருந்தால் இத்தனை கூச்சல் எழுந்திருக்காது.

2009 ஜூலையில் ரோமில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் 43 உலகச் சாதனைகள் விழுந்தன. ஆடவர் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில், முந்தைய ஆண்டு பெய்ஜிங்கில் ஐந்தாவதாக வந்த ஜெர்மனியின் பால் பீடர்மேன், முழுப் பாலியூரிதேன் உடையில் 1:42.00 என்ற நேரத்தில் நீந்தி, பெய்ஜிங்கில் அதே பந்தயத்தில் தங்கம் வென்ற அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸை 1.22 நொடியில் தோற்கடித்தார். ஃபெல்ப்ஸ் அணிந்திருந்தது முந்தைய ஆண்டின் எல்இசட்ஆர். ஓராண்டுக்கு முன் அநியாயம் என்று மற்றவர்கள் சொன்ன உடை, ஓராண்டில் பழசாகிவிட்டது. பீடர்மேன் நல்ல வீரர், அதில் ஐயமில்லை. ஆனாலும் அன்று ஜெயித்தது மனிதரா, உடையா என்று கேட்காத பயிற்சியாளர் இல்லை. அதே ரோம் நகரில், அதே சாம்பியன்ஷிப்பின்போது கூடிய, உலக நீச்சல் கூட்டமைப்பான ஃபினாவின் மாநாடு, 168 வாக்குக்கு 6 என்ற கணக்கில் இந்த உடைகளை நீக்கத் தீர்மானித்தது. புதிய விதி 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு 50 மீட்டர் குளத்தில் ஒரு புதிய உலகச் சாதனை வர 2011 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஷாங்காயில், நான்கு வகை நீச்சலும் சேர்ந்த 200 மீட்டர் தனிநபர் மெட்லியில் அமெரிக்காவின் ரையன் லாக்டி அதைச் செய்தார்.

ஃபினா இன்று வேர்ல்ட் அக்வாடிக்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. அந்த விதியின் சாரம் மாறவில்லை. ஆண்களின் உடை தொப்புளுக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் போகக் கூடாது. பெண்களின் உடை கழுத்தை மூடவோ, தோளைத் தாண்டவோ, முழங்காலுக்குக் கீழே இறங்கவோ கூடாது. ஜிப் முதலிய பூட்டுகள் கூடாது. நெய்தோ பின்னியோ செய்த, கண்ணியுள்ள துணியாக இருக்க வேண்டும். தடிமன் 0.8 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. மிதக்கவைக்கும் விசை 0.5 நியூட்டனைத் தாண்டக் கூடாது. ஏறத்தாழ 50 கிராம் எடைக்கல்லைத் தாங்கும் விசை அவ்வளவுதான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உடை போடவும் அனுமதி இல்லை. அந்தக் காலத்தில் போட்டார்கள், அதனால்தான் அதை எழுதி வைக்க வேண்டி வந்தது. கணுக்கால் வரை நீளும் உடையைப் பற்றி யாராவது உங்களிடம் சொன்னால், அது கடல், ஏரி போன்ற திறந்தவெளி நீர்நிலைப் போட்டிகளுக்கு உரிய விதி. குளத்துப் போட்டிக்குப் பொருந்தாது.

ஆக, நீங்கள் பார்த்த முழங்கால் உடை இந்த அளவுகளுக்குள் அடங்கி, அங்கீகாரப் பட்டியலிலும் இருந்தால், அது விதிக்கு உட்பட்டதே. அதை அணிந்து வந்த குழந்தைகள் யாரையும் ஏமாற்றவில்லை. தயவுசெய்து உங்கள் மகளிடமும் அப்படிப் பேச வேண்டாம். பக்கத்து லேனில் நிற்பவளை ஏமாற்றுக்காரி என்று நினைத்துக்கொண்டு பாயும் மேடையான பிளாக்கில் ஏறும் குழந்தை, தன் பந்தயத்தை நீந்துவதில்லை. அங்கீகாரம் பெற்ற உடையில் அதற்குரிய சிறு முத்திரையும் குறியீட்டு எண்ணும் வெளியே தெரியும்படி பொறித்திருக்கும். அந்த எண்ணை வேர்ல்ட் அக்வாடிக்ஸ் வெளியிடும் பட்டியலோடு ஒத்துப் பார்க்கலாம். பாதி விலைக்குத் தருகிறேன் என்று எவராவது சொன்னால், முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள்.

நீங்களே தைப்பது பற்றி. விதியின் கீழ் நடக்கும் பெரிய போட்டிகளுக்கு அது செல்லாது. உங்கள் கைவேலையில் குறை என்பதால் அல்ல. ஒருவருக்காக மட்டும் அளவெடுத்து உருவாக்குவதையும், வாங்கிய உடையைப் பிரித்துத் திருத்துவதையும் தடுப்பதற்காகத்தான் மாதிரிகளை முன்கூட்டியே சோதித்துப் பட்டியலிடும் முறை வந்தது. பள்ளி அளவிலும் ஊர் அளவிலும் நடக்கும் போட்டிகளில், ஒழுங்காகத் தைத்த சாதாரண உடையை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு போட்டிக்கும் வரும் சுற்றறிக்கையில் உடை பற்றி ஒரு வரி இருக்கும், அதுதான் கடைசிச் சொல். ஐயம் இருந்தால் போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு வாரம் முன்னதாகவே எழுதிக் கேளுங்கள். அன்று காலை, பந்தயத்துக்கு முன் நீச்சல்காரர்களைக் கூட்டி நிறுத்தும் அழைப்பறையில் வந்து கேட்டால், நடுவர் பாதுகாப்பான பதிலையே சொல்வார். அந்தப் பதில் பெரும்பாலும் 'கூடாது' என்பதாகவே இருக்கும்.

இனி, விதி அனுமதிக்கும் உடையை ஏன் வேண்டாம் என்கிறேன் என்று கேட்பீர்கள். இன்றைய உயர்ரக உடை பனியன் துணி அல்ல, தறியில் நெய்த துணி. பின்னல் துணி எல்லாப் பக்கமும் தாராளமாக நீளும் என்பதும், நெசவுத் துணி பிடிவாதமானது என்பதும் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்தப் பிடிவாதம்தான் அதன் பயன். வளர்ந்து முதிர்ந்த, சதைப்பிடிப்புள்ள உடலை அது இறுக்கி ஒழுங்குபடுத்துகிறது. முப்பது கிலோவைச் சற்றே தாண்டிய 12 வயதுச் சிறுமியின் உடலில் அப்படி இறுக்கி ஒழுங்குபடுத்த என்ன இருக்கிறது? பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன், நீர் ஒட்டாத பூச்சு ஓரளவு உதவும். ஆனால் அந்தப் பூச்சு ஒவ்வொரு போட்டிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். குளோரின் எலாஸ்டேன் நூலை அரிக்கும். அதற்கெல்லாம் முன்னதாகவே உங்கள் மகள் வளர்ந்துவிடுவாள். தோலோடு தோலாக இருந்தால்தான் அந்த உடைக்கு மதிப்பு; ஓரங்குலம் உயரம் கூடினால் தோள்பட்டையில் வெட்டும், ஒரு அளவு பெரிதாக வாங்கினால் நீர் புகுந்து பை மாதிரி உப்பும். தீபாவளிக்குச் சட்டை தைக்கும்போது செய்வதுபோல் உள்ளே மடித்துத் தைத்து அடுத்த வருடம் பிரித்துவிட இதில் வழியில்லை.

அதை அணிவதும் ஒரு பாடு. இருபது நிமிடம் ஆகும். ஒருமுறை மாநிலப் போட்டி ஒன்றில், உடை மாற்றும் அறையில் ஒரு சிறுமியைச் சுற்றி மூன்று தாய்மார்கள் நின்று, ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒருவரின் கட்டைவிரல் நகம் பட்டு இடுப்பருகே துணி கிழிந்தது. வெளியே அவளுடைய ஹீட்டை, அதாவது முதற்சுற்றை, அழைத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒட்டும் டேப்பை எடுத்து நீட்டினார்கள்; டேப் ஒட்டக் கூடாது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையதாயிற்று. பழைய பயிற்சி உடையை மாற்றிக்கொண்டு அழுத கண்ணோடு ஓடி வந்து நீந்தினாள். அன்று அவள் நேரம் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை, பார்க்க மனம் வரவில்லை.

அமெரிக்க நீச்சல் அமைப்பு 2020 செப்டம்பரிலிருந்து, 12 வயதும் அதற்குக் குறைந்தும் உள்ளவர்கள் வயதுப் பிரிவுப் போட்டிகளில் இத்தகைய உடைகளை அணியக் கூடாது என்று விதித்திருக்கிறது. ஒட்டி இணைத்த விளிம்பு இருந்தால் கூடாது, இடுப்பைத் தாண்டி நீளும் நெசவுத் துணி இருந்தால் கூடாது. ஊசியால் தைத்த பின்னல் துணி உடை முழங்கால் வரை இருக்கலாம். அதாவது உங்கள் தொழிலின் இரண்டு கேள்விகளைக் கொண்டே அவர்கள் கோடு போட்டிருக்கிறார்கள்: துணி நெய்ததா, பின்னியதா, விளிம்பு தைத்ததா, ஒட்டியதா. அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் சிறுவர் போட்டிகளில் இங்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. இதைப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

இப்போது அந்த 0.31 நொடிக்கு வருவோம். உங்கள் மகளின் வேகத்தில் அது நீரில் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். உங்கள் கணக்கில் ஒரு முழம். அந்த ஒரு முழத்தை அவள் எங்கே விட்டாள் என்பது வீடியோவிலேயே இருக்கிறது. தொடக்கத்தைப் பாருங்கள். ஒலி கேட்டதும் மற்றவர்கள் பிளாக்கின் விளிம்பைக் கையால் இழுத்துப் பாய்கிறார்கள். இவள் எழுந்து நின்று, பிறகு குதிக்கிறாள். கை, தலை, இடுப்பு, கால் என வரிசையாக ஒரே துளைக்குள் நுழைய வேண்டிய உடல், வயிறும் தொடையும் சேர்ந்து தட்டையாக நீரில் அறைகிறது. விழுந்த உடனே தலையைத் தூக்கிக் கையை வீசத் தொடங்கிவிடுகிறாள். விதி 15 மீட்டர் வரை நீருக்கடியில் இருக்க அனுமதிக்கிறது. அவ்வளவு தூரம் அவளுக்கு வேண்டாம், கையை நீட்டிக் காலை உதைத்தபடி இன்னும் இரண்டு மீட்டர் அடியில் போயிருந்தாலே முதல் மூவரோடு சேர்ந்து மேலே வந்திருப்பாள். குளத்துப் படித்துறையிலிருந்து நீந்தப் பழகிய குழந்தைகளிடம் நான் எப்போதும் காண்பது இது. கைவீச்சு அருமையாக இருக்கும், மூச்சு நன்றாக நிற்கும், பாய்ச்சல் மட்டும் வராது. பாயப் பழகினால்தானே வரும்?

கடைசி ஐந்து மீட்டரையும் பாருங்கள். குளத்தின் குறுக்கே கொடிகள் தொங்குகின்றன அல்லவா, அவை சுவரிலிருந்து ஐந்து மீட்டரில் கட்டப்படுபவை. அந்தக் கொடிக்குக் கீழே வந்ததும் உங்கள் மகள் பக்கத்து லேனைப் பார்ப்பதற்காகவே ஒரு மூச்சு எடுக்கிறாள். பிறகு சுவர் நெருங்கியதும் கையை நீட்டியபடி வழுக்கிக்கொண்டே போய்த் தொடுகிறாள். மூன்றாவதாக வந்தவள் தலையைத் தூக்காமல் ஒரு முழு வீச்சோடு, சுவரில் நேரத்தைப் பதியும் தொடுதகட்டை அடிக்கிறாள். 0.31 நொடியில் பாதிக்கு மேல் அங்கேயே போயிற்று என்பது என் கணிப்பு. வீடியோவை மெதுவாக ஓடவிட்டு இதை அவளிடமே காட்டுங்கள். உடை இல்லாததால் தோற்றேன் என்று நினைக்கும் பிள்ளைக்கு, அந்த ஒரு முழம் எங்கே போயிற்று என்று கண்ணில் காட்டினால் போதும், நீங்கள் வேறு தேறுதல் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே 26,000 ரூபாயை இப்படிச் செலவிடுங்கள் என்பேன். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கோயம்புத்தூர் தூரமில்லை. அங்கோ பாலக்காட்டிலோ திருச்சூரிலோ, தொடக்க பிளாக் உள்ள ஆழமான குளத்தில், மாதம் இரண்டு முறை பாய்ச்சலுக்கும் முடிப்புக்கும் மட்டும் தனிப்பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள். பஸ் செலவு, குளத்துக் கட்டணம், பயிற்சியாளருக்கான தொகை எல்லாம் சேர்த்தாலும் பல மாதங்களுக்கு அந்தப் பணம் தாங்கும். ஒரு எச்சரிக்கை: இந்த ஆர்வத்தில் ஊர்க் குளத்தின் படியிலிருந்து தலைகீழாகப் பாயவிடாதீர்கள். பிளாக் வைக்கும் பக்கத்தில் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும் என்று போட்டிக் குளங்களுக்கே விதி இருக்கிறது. நம் குளங்களில் நீருக்கடியில் எத்தனை படி இருக்கிறது, கோடையில் எவ்வளவு வற்றியிருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. கழுத்தெலும்பு முறிந்தால் பிறகு நீச்சலே இல்லை.

போட்டிக்கு, ஊசியால் தைத்த, முழங்கால் வரை நீளும் சாதாரணப் பந்தய உடை ஒன்று வாங்குங்கள். அங்கீகார முத்திரை உள்ளதாகவே, இதைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். பயிற்சிக்குத் தனியாகப் பாலியெஸ்டர் உடை. லைக்ரா என்று விற்கும் எலாஸ்டேன் கலந்ததைக் காட்டிலும் குளோரினில் அது நெடுநாள் உழைக்கும். நீந்தி முடித்ததும் நல்ல நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்த வேண்டும். அவள் உயரம் நின்று, தேசியப் போட்டித் தகுதி நேரத்துக்கு மிக அருகில் வந்து, தொழில்நுட்பத்தில் திருத்த வேண்டியதெல்லாம் திருத்திய பிறகும் சில நூறில் ஒரு பங்கு நொடிகள் உதைக்கின்றன என்றால், அப்போது எனக்கு மீண்டும் எழுதுங்கள். அந்த உடையை வாங்கச் சொல்ல நானே தயங்க மாட்டேன். பயிற்சியாளரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெரிய நகரத்துப் பிள்ளைகள் எல்லோரும் அணியும்போது தன் மாணவி மட்டும் இல்லாமல் நிற்பது அவருக்கும் உறுத்தியிருக்கும்.

உங்கள் மகளுக்குச் சொல்ல ஒரு செய்தி. இடுக்கியில் பிறந்து நெய்வேலியில் வளர்ந்த நீச்சல் வீரர் சஜன் பிரகாஷை அவள் அறிந்திருப்பாள். 2021 ஜூனில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் 1:56.38 நேரத்தில் நீந்தி, ஒலிம்பிக்கில் நேரடியாக இடம் தரும் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியர் ஆனார். நீந்திய இடம் ரோமின் ஃபோரோ இட்டாலிகோ. 43 சாதனைகள் விழுந்த அதே குளம். அவர் அணிந்திருந்தது, அந்தச் சாதனைகளுக்குப் பின் வந்த விதியின்படி இடுப்பிலிருந்து முழங்கால் வரை மட்டும் நீளும் துணி உடை.

உங்கள் தையல் மெஷினுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஹீட்டுக்கும் ஃபைனலுக்கும் இடையே சில மணி நேரம் குழந்தைகள் ஈர உடம்போடு காத்திருக்கிறார்கள். உடல் குளிர்ந்து தசை இறுகிவிட்டால் எந்த உடையும் உதவாது. நல்ல கனமான துவாலைத் துணியில், தலையை மூடும் தொப்பியோடு, முழங்காலுக்குக் கீழே வரும் தளர்ந்த அங்கி ஒன்று தைத்துக் கொடுங்கள். ஈரக் கை எளிதில் நுழையும்படி கைக்குழி அகலமாக இருக்கட்டும். பொத்தான் வேண்டாம், முன்பக்கம் நாடா போதும். வலப்பக்கம் நீச்சல் கண்ணாடி வைக்க ஒரு பை, இடப்பக்கம் இரண்டு வாழைப்பழம் வைக்கும் அளவுக்கு ஒரு பை. இதற்கு எந்த அங்கீகாரமும் தேவையில்லை. அளவை மட்டும் கொஞ்சம் கூட்டியே வெட்டுங்கள், அடுத்த ஆண்டும் ஆகும்.